கதவுக்கு வெளியே ஒரு சுவிட்ச்

எங்கள் பெரியப்பாவைத் தெருவில் எல்லோரும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது வழி கேட்டால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். வீட்டின் முன்னறையைச் சலூனாக வைத்திருந்தார் பெரியப்பா. இரண்டு நாற்காலி, எதிரே இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வந்தவர் கழுத்தில் துணியைக் கட்டும்போது தொடங்கும் பேச்சு, துணியை உதறும்போதுதான் நிற்கும். சில நாள் அப்போதும் நிற்காது. முடி வெட்டிக்கொண்டவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருப்பார், பெரியப்பா கத்தரியும் கையுமாகப் பின்னாலேயே போய்க் கதையின் மீதியைச் சொல்லி முடித்துவிட்டு வருவார். தலையில் ஒரு முடிகூட இல்லாத ஒருவர் வாரம் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கிடைத்து அங்கே போனபோது அவர்கள் வீட்டு மாடியறையில்தான் தங்கினேன். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தையல் வேலை செய்பவள். வீட்டின் பின்னறை அவளுடையது. மெஷின், வெட்டும் மேசை, சுவரோரம் தைத்தும் தைக்காததுமாகத் துணிகள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நீளமாக ஒரு நடை, அதன் பக்கவாட்டில் சமையலறை. பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டிச் சுவர் எழுப்பியதிலிருந்து அந்தச் சமையலறைக்கு ஜன்னல் இருந்தும் இல்லாத கதைதான். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியும்.

பெரியப்பாவின் கதைகளுக்கு முதல் ரசிகை பெரியம்மாதான். கடையை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைக்கு வந்த தலைகளின் கதையெல்லாம் ஒவ்வொன்றாக வரும். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ரகமும் இல்லை. "இது போன மாசமே சொல்லியாச்சு" என்பாள். "அந்த ஆளுக்கு ரெண்டு பொண்ணுன்னுதான அப்ப சொன்னீங்க? இப்ப எப்படி மூணாச்சு?" என்பாள். பெரியப்பா அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஒரு பெண்ணைக் குறைத்துக்கொள்வார். மறுநாள் கடையில் அதே கதை இன்னும் நேர்த்தியாக வரும். பெரியம்மா பார்த்துச் சரி செய்து அனுப்பியது என்பது கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது.

அவளுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் குக்கர் விசில். அப்புறம் போன் மணி. அப்புறம் பின்னால் நின்று பேசினால் கேட்காது, முன்னால் நின்று பேசினாலும் பாதிதான் என்றாகிவிட்டது. டாக்டர் நரம்பு தேய்ந்துவிட்டது என்றார். காதில் மாட்டும் கருவியை வாங்கிப் பார்த்தார்கள். "டப்பாக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்கு" என்று கழற்றி, பட்டன் போடும் டப்பாவில் வைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொன்னாள். துணி கொடுக்க வருகிறவர்களிடம் அளவுத் துணியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பேச்சை வளர்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

வீட்டில் மட்டும் எல்லாம் பழையபடி நடப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா சொல்வார், அவள் சிரித்துத் தலையாட்டுவாள். ஒருநாள் சாப்பிடும்போது, நானும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், கதையின் நடுவே பெரியப்பா முகம் மாறாமல், "கடை தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. நாற்காலி ரெண்டும் சாம்பல்" என்றார்.

பெரியம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு, "நல்ல வேளை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வதை விட்டுவிட்டார். கடையிலும் பேச்சு சுருங்கியது. பெஞ்சில் உட்காரும் வழுக்கைத்தலைக்காரர் என்னை வாசலில் பிடித்து, "ரேடியோவுக்கு என்னம்மா ஆச்சு? ஸ்டேஷனே கிடைக்க மாட்டேங்குது" என்று கவலையாகக் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊசி குத்தியது. யாருக்கோ கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொல்ல பெரியப்பா பின்னறைக்குப் போயிருக்கிறார். கூப்பிட்டால் கேட்காதே என்று பின்னாலிருந்து தோளைத் தொட்டிருக்கிறார். அவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்ப, மெஷின் தன்பாட்டுக்கு ஓடி ஊசி விரல் நுனியில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் அன்றைக்குப் பெரியம்மா வாய்விட்டு அழுதாள்.

"ஒரு ஆள் வர்றது தெரியாம பக்கத்துல வந்து நின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள். "நாள் முழுக்க எனக்கு அப்படித்தான் இருக்கு. இந்த ஃபேனைக்கூட நான் போடறதில்ல."

அவளுடைய ஃபேனுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியப்பா அந்த அறையில் போய் உட்கார்ந்து பார்த்தார். டியூப் லைட் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி இருந்தது. ஃபேன் அதற்குக் கீழே தொங்கியது. ஃபேனைப் போட்டால் இறக்கைகளின் நிழல் மேசை மேலும் துணி மேலும் சுவர் மேலும் ஓடிக்கொண்டே இருந்தது. காது கேட்கிறவர்களுக்கு அது வெறும் நிழல். காது கேட்காத ஒருத்திக்குக் கண்ணோரத்தில் எது அசைந்தாலும் யாரோ வருகிறார்கள் என்றுதான் தோன்றும். அதனால் அவள் ஃபேனை நிறுத்திவிட்டு, அந்த வெக்கையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக. ஒரு வார்த்தை சொல்லாமல்.

மறுநாளே பெரியப்பா ஒரு ஃபேன் வாங்கி வந்தார். நடுவில், இறக்கைகளுக்குக் கீழே விளக்கு வைத்த ஃபேன். விளக்கு கீழே இருந்தால் நிழல் விழாது. அதோடு அவர் மனசில் இன்னொரு திட்டமும் இருந்தது. அந்த விளக்குக்கு அறைக்குள்ளே ஒரு சுவிட்ச், கதவுக்கு வெளியே நடையில் ஒரு சுவிட்ச். யார் உள்ளே போனாலும் முதலில் வெளியே நின்று விளக்கை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் கால் உள்ளே வைக்க வேண்டும்.

வேலைக்கு மின்னலைக் கூப்பிட்டார். மின்னல் எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன். அவருக்கு அந்தப் பெயர் வேகத்தால் வந்ததல்ல. ஒரு நொடி தெரிவார், அப்புறம் ஆளைக் காண முடியாது. அதனால் வந்த பெயர். ஆனால் கையில் பிடித்து ஸ்டூலில் ஏற்றிவிட்டால் நன்றாகத்தான் வேலை செய்வார். பழைய ஃபேனை இறக்கி, புதியதைக் கொக்கியில் மாட்டி, சுவரில் ஓட்டை போட்டு நடைப்பக்கம் ஒரு சுவிட்சையும் வைத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒரு சிக்கல். சுவத்துக்குள்ள போற பைப்புல ரெண்டே ஒயர்தான் இருக்கு. ஃபேனுக்கு ஒன்னு, லைட்டுக்கு ஒன்னு, ரெண்டுக்கும் பொதுவா ஒன்னு, எர்த்துக்கு ஒன்னுன்னு நாலு வேணும். புதுசா கோக்கணும்."

"கோத்துடு."

"ஒயர் வாங்கிட்டு நாளைக்கு வந்து கோத்துடறேன். அதுவரைக்கும் ஃபேனையும் லைட்டையும் ஒன்னா சேர்த்து விட்டிருக்கேன். ஓடும்."

ஓடியது. இரண்டும் சேர்ந்தே ஓடின. விளக்கைப் போட்டால் ஃபேன் கிளம்பும், ஃபேனை நிறுத்தினால் விளக்கு அணையும். ரெகுலேட்டரைத் திருப்பிக் காற்றைக் குறைத்தால் வெளிச்சமும் சோகையாகிப் போகும். மின்னலின் நாளை வரவேயில்லை. போன் செய்தால், "வந்துக்கிட்டே இருக்கேண்ணே" என்பார். எங்கிருந்து புறப்பட்டார் என்பதுதான் தெரியவில்லை.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. காலை நேரங்களில் பெரியம்மா ஜன்னல் வெளிச்சத்திலேயே மேசை மேல் காகிதத்தை விரித்து அளவு வரைந்து வெட்டிக்கொண்டிருப்பாள். இவர் நடையில் நின்று சுவிட்சைப் போடுவார். வெளிச்சத்தில் வெளிச்சம் தெரியாது. அவள் திரும்பும்வரை போட்டபடி நிற்பார். அதற்குள் ஃபேன் வேகம் பிடித்து, கழுத்து, கை, முதுகு என்று வெட்டி வைத்த காகிதமெல்லாம் அறை முழுக்கப் பறக்கும்.

"என்னங்க இது!" என்று அவள் முதுகைப் பிடிக்க ஓடுவாள்.

"சாப்பாடு ரெடியான்னு கேக்க வந்தேன்."

"என்னது?"

"சாப்பாடு!"

"கொஞ்சம் இருங்க, கையைக் காணோம்!"

நான் மாடிப்படியில் நின்று சிரிப்பேன். அவர்களும் சிரித்துவிடுவார்கள். ஆனால் ஒருமுறை வாடிக்கையாளர் கொடுத்திருந்த மெல்லிய துணி பறந்து மெஷினில் சிக்கிக் கிழிந்தது. அன்றைக்குப் பெரியம்மா, "இந்தச் சுவிட்சே வேண்டாம், எடுத்துடுங்க" என்றாள். பெரியப்பா தானே செய்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்திருக்கிறார். விளக்குக்குப் போகிற ஒயரை மட்டும் ஃபேனிலிருந்து பிரித்து, சுவரின் மேலாகவே தனியாகக் கொண்டுவந்துவிட்டால் ஆயிற்று. இதில் என்ன இருக்கிறது?

நடந்ததை இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரியப்பா சொன்னதில் நெருப்புப் பொறி கூரை வரை பறந்தது. பெரியம்மா சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு விடுமுறை நாள். நான் வெளியே போயிருந்தேன். பெரியம்மா சமையலறையில் எண்ணெய் காய வைத்து எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஏறும் முன் அறையின் சுவிட்சுகளை எல்லாம் அணைத்தார். மெயினை அணைக்கவில்லை. பிறகு நான் அவரைத் திட்டியபோது, "மெயினை அணைச்சா சமையலறை இருட்டாயிடும்மா. கொதிக்கிற எண்ணெய்கிட்ட நிக்கறா. கூப்பிட்டுச் சொன்னாலும் கேக்காது. கையைச் சுட்டுக்கிட்டா?" என்றார்.

அது பழைய வீடு. எந்தக் காலத்திலோ யாரோ ஒயரை மாற்றிப் போட்டு வைத்திருந்தார்கள். சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் கூரைக்கு வருகிற ஒயரில் கரண்ட் நிற்காது. பெரியப்பா கொக்கிக்கு அடியிலிருந்த மூடியை இறக்கி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒயரைத் தொட்டார். அடித்த அடியில் கை உதறி, ஸ்டூல் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கீழே வந்தார். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது.

உயிர் போகாமல் தப்பித்தது விழுந்ததால்தான். தரையில் கிடந்தபடி கூப்பிட்டார். அவருடைய குரல் எப்பேர்ப்பட்ட குரல் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அன்றைக்குத் தெருப்பக்கக் கதவு சாத்தியிருந்தது. சமையலறை பத்தடி தூரத்தில். அவள் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியால் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எண்ணெயின் வாசனை இவருக்கு வருகிறது. இவருடைய சத்தம் அவளுக்குப் போகவில்லை.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேம்மா" என்று பெரியப்பா சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "அப்பறம் புரிஞ்சுது, நான் என்ன கத்தினாலும் ஒன்னுதான்னு. அவ அங்க எத்தனை நாளா இப்படி இருக்கான்னு நினைச்சேன். பேசாம கிடந்தேன் கொஞ்ச நேரம்."

பிறகு இடது கையை ஊன்றி, உட்கார்ந்த நிலையிலேயே தேய்த்துத் தேய்த்து நடைக்கு வந்திருக்கிறார். சமையலறைக்கே போய்ப் பின்னாலிருந்து தொட்டால் கொதிக்கிற எண்ணெய் முன்னால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும், அதற்கு இருட்டே மேல் என்று தோன்றியிருக்கிறது. மெயின் பெட்டி நடைச் சுவரில், எட்டாத உயரத்தில் இருந்தது. எழுந்தால் தலை சுற்றியது. திரும்ப அறைக்குத் தேய்த்துப் போய், பெரியம்மா துணி அளக்கும் நீளமான மரஸ்கேலை எடுத்து வந்தார். அதன் நுனியால் மெயினின் கைப்பிடியைத் தட்டினார். தவறியது. மறுபடி தட்டினார். கீழே இறங்கியது.

சமையலறை இருண்டது. பெரியம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, "கரண்டு போச்சா?" என்று கேட்டுக்கொண்டே நடைக்கு வந்தாள். சுவரில் சாய்ந்து, மரஸ்கேலைப் பிடித்தபடி, வேர்த்துக் கொட்ட இவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "எண்ணெய் மேல படலையே?" என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். அது போகக்கூடாத பக்கமாக வளைந்திருந்தது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, பல வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முடி வெட்டுகிறவருக்கு வலது கை இல்லையென்றால் வேறென்ன மிச்சம்? கடையை மூட வேண்டியதுதான் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். கட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் கடைக் கதவைத் திறந்து, கூட்டி, கண்ணாடி இரண்டையும் துடைத்தாள்.

"என்ன பண்றே நீ?"

அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. "துணி வெட்டற கைதான். முடியும் வெட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்றாள். பிறகு அவரையே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சொன்னா கேக்காது. கையைக் காட்டுங்க, போதும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கேட்டவர்கள் எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் வழுக்கைத்தலைக்காரர்தான் துண்டை உதறிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என் தலையில ஆரம்பிங்கம்மா. கெடுக்கறதுக்கு ஒன்னுமில்ல" என்றார். காதோரம் இருந்த நாலு முடியை பெரியம்மா அவ்வளவு அக்கறையாக வெட்டினாள். பெரியப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சைகை காட்டினார். வேலை முடிந்ததும் வழுக்கைத்தலைக்காரர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்றார்.

"ரொம்பப் புளுகாதீங்க. அஞ்சு வேணா குறைஞ்சிருக்கும்" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சொன்னது இவளுக்கு எப்படிக் கேட்டது?

கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். வெளியிடங்களில் யாராவது பேசும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்கள், வேறெங்கோ பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையைத் திருப்ப முடியாது. கண்ணாடிக்கு நேராக, வெளிச்சம் முகத்தில் விழ, நேராகப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். பின்னால் நிற்கிறவளுக்கு உதடு முழுசாகத் தெரிகிறது. முதல் வாரத்தில் பாதி புரிந்தது, பாதியை ஊகித்தாள். ஊகித்ததில் சில ஏடாகூடமாகவும் போயின. "மீசையை எடுக்காதீங்க" என்றவர் பேச்சில் இவளுக்கு "எடுக்க" மட்டும் பிடிபட்டு மீசையை எடுத்துவிட, அவர் வீட்டில் மனைவியே அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினாள். அந்த மனுஷர் சண்டைக்கு வந்தார். பெரியப்பா எழுந்து பேசத் தொடங்கி, மீசை இல்லாமல் இவர் எப்படி ஒரு சர்க்கார் அதிகாரி மாதிரி இருக்கிறார் என்பதைச் சொல்லி முடித்தபோது அவர் சிரித்துக்கொண்டே போனார். ரேடியோ திரும்பப் பாட ஆரம்பித்துவிட்டது என்று பெஞ்சில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

விஷயம் மின்னலின் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், ஒயர்ச் சுருளும் கையுமாக வந்து வாசலில் நின்றார். பெரியப்பாவின் கட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப் போயிற்று.

"அண்ணே, நான் ஒழுங்கா வந்திருந்தா..."

"நீ வராததால எங்க வீட்டுல ஒரு ஆள் தொழில் கத்துக்கிட்டாங்க. போ, போய் வேலையைப் பாரு" என்றார் பெரியப்பா. "இன்னைக்கு முடிக்காம போனே, உன் தலையை இவகிட்ட குடுத்துடுவேன்."

மின்னல் முதலில் மெயினை அணைத்தார். டெஸ்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். மாறிக் கிடந்த ஒயரைக் கண்டுபிடித்தபோது அவருக்கே வேர்த்துவிட்டது. "எந்தப் புண்ணியவான் பண்ணி வச்சானோ" என்று முணுமுணுத்துக்கொண்டு அதைச் சரி செய்தார். பிறகு புது ஒயர்களைக் கோக்க வேண்டும். பழைய ஒயரின் முனையில் புதியவற்றைச் சேர்த்துக் கட்டி, டேப் சுற்றி, மேலிருந்து பழையதை இழுத்தால் புதியவை பைப் வழியாக ஏறி வரும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அட, பாவாடைக்கு நாடா கோக்கறதுதானே" என்று முன்னால் வந்து, சுவிட்ச் பெட்டியிடம் நின்றுகொண்டாள். கீழிருந்து ஒயரைச் சிக்காமல் தள்ளிவிட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மின்னல் மேலே ஏறிக்கொண்டு, "விடுங்க அண்ணி!" என்றார். அண்ணி சும்மா நின்றாள். "நிறுத்துங்க!" என்றார். அண்ணி தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒயர் பாதியில் சிக்கியது. நான் நடுவில் நின்று கையைக் காட்டப் போனேன். பெரியம்மா என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒயரை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மேலே பார்த்துச் சொன்னாள்:

"வாயால சொல்லாதே. விடணும்னா ஒரு தரம் சுண்டி இழு. நிறுத்தணும்னா ரெண்டு தரம் சுண்டு. எனக்குக் கையில தெரியும்."

அப்புறம் அந்த அறையில் பேச்சே இல்லை. மேலே ஒரு சுண்டல், கீழே கொஞ்சம் ஒயர் உள்ளே போகும். இரண்டு சுண்டல், நிற்கும். சுவருக்குள் வளைவில் எங்கே உரசுகிறது என்று அவளுக்கு விரலில் தெரிந்தது. கொஞ்சம் பின்னால் இழுத்து, கொஞ்சம் முறுக்கி, மறுபடி விட்டாள். கூரைக் கொக்கியருகே நாலு ஒயர்களும் தலை நீட்டியபோது மின்னல் மேலிருந்தே கும்பிட்டார்.

ஃபேனுக்கு உள்ளே தனிச் சுவிட்ச், பக்கத்திலேயே ரெகுலேட்டர். விளக்குக்கு உள்ளே ஒன்று, கதவுக்கு வெளியே ஒன்று. எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும். மெயினைப் போட்டதும் பெரியப்பா இடது கையால் வெளிச் சுவிட்சை இரண்டு தரம் தட்டினார். விளக்கு அணைந்து எரிந்தது. மேசை மேலிருந்த காகிதம் ஒன்றுகூட அசையவில்லை. பெரியம்மா திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றாள்.

அதோடு சுபம் என்று நினைத்தால், பெரியப்பாவைத் தெரியவில்லை என்று அர்த்தம். மாவுக்கட்டோடு வேலை இல்லாமல் இருந்த மனுஷருக்குக் கையில் ஒரு சுவிட்ச் கிடைத்தால் என்ன ஆகும்? தபால்காரர் வந்தால் தட்டினார். மழை தூறினால் தட்டினார். வழுக்கைத்தலைக்காரர் ஒரு ஜோக் சொன்னார் என்று அதைச் சொல்லத் தட்டினார். ஜோக்கின் முடிவை மறந்துவிட்டு, கேட்டுக்கொண்டு வந்து மறுபடி தட்டினார். பெரியம்மா ஒரு பட்டன் துளை முடிப்பதற்குள் விளக்கு பல தடவை கண்ணடித்தது. ஒருநாள் சாயங்காலம் இவர் தட்டு தட்டு என்று தட்டுகிறார், விளக்கு எரியவேயில்லை. மின்னலைத் திட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தால், பெரியம்மா மெஷினில் இருந்த சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஃபேனிலிருந்த பல்பு கழற்றி மேசை மேல் வைக்கப்பட்டிருந்தது.

"உங்க வாயை மூட எனக்கு வழி தெரியல. பல்பைக் கழட்டத் தெரியும்" என்றாள்.

அன்று பேரம் நடந்தது. ஆள் வந்தால் தட்டலாம். சாப்பாட்டுக்குத் தட்டலாம். உள்ளே வரும்போது தட்ட வேண்டும். கதைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவள் வேலை முடித்து மெஷினை மூடிய பிறகு வந்து சொல்ல வேண்டும். பெரியப்பா ஒத்துக்கொண்டார். பல்பு திரும்ப ஏறியது.

கட்டுப் பிரித்த பிறகும் அவர் மணிக்கட்டு பழையபடி சுழலவில்லை. நீளக் கத்தரியை அதிக நேரம் பிடித்தால் வலிக்கும். அதனால் காலையில் இரண்டு நாற்காலியிலும் வேலை நடந்தது, ஒன்றில் அவர், ஒன்றில் அவள். தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் குழந்தைகளைக் கூட்டி வந்து அவளிடம் முடி வெட்டிக்கொண்டு போனார்கள். போன மாதம் என் அத்தை மகளின் கல்யாணத்துக்கு அவள் வந்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்ப சொல்லு" என்றாள். அவளா இப்படி என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

நான் வேறு வேலை கிடைத்து அந்த வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, பெட்டிக்குக் கயிறு கேட்கலாம் என்று கீழே இறங்கி வந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. மெஷின் மூடியிருந்தது. பெரியம்மா மேசையில் சாய்ந்திருந்தாள். பெரியப்பா அவளுக்கு எதிரே, விளக்குக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை உருட்டினார், மூக்கைச் சுருக்கினார், கையால் யாரோ ஒரு குண்டு மனுஷரைக் காற்றில் வரைந்தார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் ஒரு துளி வரவில்லை. அவளுக்கு உதடு போதும் என்பதால் அவர் குரலை விட்டுவிட்டிருக்கிறார். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

கதவோரம் நின்று நானும் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கையை உயர்த்தி அவரை நிறுத்தி, "அந்தம்மாவோட தம்பின்னு முந்தாநாள் சொன்னீங்க, இப்ப அண்ணன்ங்கறீங்க" என்றாள். பெரியப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

கயிறு கேட்கக் காலையில் வரலாம் என்று நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.